மூன்று நாள் பயிலரங்குக்கு ஒன்றரை ஆண்டு நிதி: நல்கை வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிர்ப்பன்மயப் பாதுகாப்புக்கு நல்கை (திட்டங்களுக்கான நிதியுதவி) வழங்கும் அறக்கட்டளைகள், பன்னாட்டு நிதியங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றில் விண்ணப்பங்களைப் படித்து முடிவெடுக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

வட்டார அளவிலான பயிலரங்குகளை ஒருங்கிணைப்பது என் வேலை. ஒரே மலைத்தொடர், ஒரே ஆற்றுப்படுகை, ஒரே கடற்கரை பல நிர்வாக எல்லைகளுக்குள் பிரிந்து கிடக்கும். அங்கங்கே வேலை செய்யும் ஆய்வாளர்கள், வனப் பணியாளர்கள், மீனவர்கள், காட்டைச் சார்ந்து வாழும் மக்கள், சிறு அமைப்பினர் எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, எந்த உயிரினம் எங்கே எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு யார் என்ன செய்வது என்று பேசி முடிவெடுக்க வைக்க வேண்டும். இதற்காக உங்களில் பலருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். சிலமுறை பணம் கிடைத்தது, பலமுறை கிடைக்கவில்லை. கிடைத்த பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்று நீங்கள் வகுத்திருக்கும் விதிகளைப் பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் படிவங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. தொடங்கும் தேதி, முடியும் தேதி, பங்கேற்பாளர் எண்ணிக்கை, அரங்க வாடகை, பயணம், தங்குமிடம், அச்சுச் செலவு. நிகழ்ச்சி முடிந்த சில வாரங்களில் இறுதி அறிக்கை. அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை பயிலரங்கு என்பது அந்த மூன்று நாள்தான். ஆனால் வேலை ஆறேழு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. முடிந்த பிறகு ஒரு வருடமாவது தொடர்கிறது. நடுவில் இருக்கும் மூன்று நாளுக்கு மட்டும் நீங்கள் பணம் தருகிறீர்கள். முன்னும் பின்னும் உள்ள வேலைக்கும் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பயிலரங்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள் உங்கள் குழுக்களிலும் இருப்பார்கள். பேசிக் கலைவதால் எந்த விலங்கும் பிழைத்ததில்லை என்பார்கள். அவர்களுக்காக இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன்.

1989-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் ஊர்வன, இருவாழ்விகள் பற்றிய முதல் உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்த தவளை ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆய்விடத்தில் தவளைகள் காணாமல் போவதை ஏற்கனவே கவனித்திருந்தார்கள். அது அந்தந்த இடத்துப் பிரச்சினை என்றே நினைத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசியபோதுதான் ஒரே நேரத்தில் பல கண்டங்களில், பாதுகாக்கப்பட்ட காடுகளில்கூட, இது நடப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டே இதற்காகத் தனிக் கூட்டம் நடந்தது, காரணத்தைத் தேடும் வேலை தீவிரமானது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை 1998-ல் அடையாளம் காணப்பட்டது. தனித்தனிக் குறிப்பேடுகளில் இருந்தவரை அந்தத் தகவல்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

இரண்டாவது, தெற்காசியப் பாறுக் கழுகுகளின் கதை. 1990-களில் அவை சரியத் தொடங்கின. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 15 ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோயின. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணிதான், இறந்த மாடுகளைத் தின்னும் பாறுகளின் உடலுக்குள் போய் அவற்றைக் கொல்கிறது என்று பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004 தொடக்கத்தில் வெளியானது. அதே ஆண்டு பிப்ரவரியில் வட இந்தியாவின் பர்வானூவில் ஒரு பன்னாட்டுப் பயிலரங்கு நடந்தது. தெற்காசியப் பாறு மீட்புத் திட்டம் அங்கேதான் உருவானது. அந்த மருந்தைக் கால்நடை மருத்துவத்திலிருந்து நீக்குவது, கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்ய வைப்பது ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். பாறுகள் எல்லை பார்த்துப் பறப்பதில்லை. ஒரு நாடு மட்டும் தடை செய்து பயன் இருந்திருக்காது. 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் தடை விதித்தன. 2010-ல் வங்கதேசமும் சேர்ந்தது.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது 2004 பிப்ரவரிக்கும் 2006-க்கும் இடையில் உள்ள காலத்தை. டைக்ளோஃபினாக்கை நிறுத்தச் சொன்னால் மாடு வளர்ப்பவர் வேறு எதைப் பயன்படுத்துவார்? அதற்குப் பதில் தேட வேண்டியிருந்தது. மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்பதைச் சோதித்து உறுதிசெய்தார்கள். அதிகாரிகளிடமும் மருந்துத் துறையினரிடமும் பேச வேண்டியிருந்தது. வளர்ப்பு மையங்களை நடத்த வேண்டியிருந்தது. வேலை அதோடும் நிற்கவில்லை. பாறுகளுக்கு ஆபத்தான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளை இந்தியா கால்நடைகளுக்குத் தடை செய்தது 2023-ல். எடுத்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடர ஆட்கள் இருந்ததால் அது நடந்தது. திட்டத்தை எழுதிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தால் அந்தத் திட்டம் ஏதோ ஒரு அலமாரியில் இருந்திருக்கும்.

சரி, பயிலரங்குக்கு முன்னால் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சிறிய உதாரணம், பெயர்ப் பட்டியல். மூன்று மொழி பேசும் வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செடிக்கு மூன்று பெயர் இருக்கும். அது சிக்கலே இல்லை. ஒரே பெயர் மலையின் ஒரு பக்கத்தில் ஒரு செடியையும் மறுபக்கத்தில் வேறொரு செடியையும் குறிக்கும், அதுதான் சிக்கல். அதைத் தெரிந்துகொள்ளாமல் அரங்கில் உட்கார்ந்தால், இரண்டு தரப்பும் அரை நாள் தலையாட்டிப் பேசிவிட்டு, இரண்டு வெவ்வேறு செடிகளைப் பற்றிப் பேசியிருப்பார்கள். எனக்கு இது நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது ஒருவர் ஊர் ஊராகப் போய், படங்களையும் உலர்த்திய மாதிரிகளையும் காட்டி, பெயர்களைச் சரிபார்த்துப் பட்டியல் தயாரித்த பிறகே தேதி குறிக்கிறோம். இதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகிறது. உங்கள் படிவத்தில் இந்த மூன்று மாதத்துக்கு இடம் கிடையாது.

மொழிபெயர்ப்பும் இப்படித்தான். ஆங்கிலத்தில் வெளிவருவதை மட்டும் படித்தால் போதும் என்ற நினைப்பு இந்தத் துறையில் ஆழமாக இருக்கிறது. உயிர்ப்பன்மயப் பாதுகாப்பு பற்றி 2014-ல் வெளியான அறிவியல் ஆவணங்களை 16 மொழிகளில் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆங்கிலத்தில் இல்லை என்று கண்டது. எழுத்தில் இருப்பதே இவ்வளவு என்றால், எழுதப்படாமல் மக்கள் மனதில் இருப்பது எவ்வளவு இருக்கும்! அரங்கில் நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அது வெளியே வரும். விவரம் தெரிந்தவர் அருகில் அமர்ந்து, நிறுத்தி, திரும்பக் கேட்டு மொழிபெயர்க்க வேண்டும். 'இதர செலவு' என்ற வரியில் அதை ஒளித்துவைக்கும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆற்றின் மீன்களைப் பற்றிப் பயிலரங்கு நடத்தினோம். ஓர் அரிய மீன் முட்டையிடும் இடம் என்று எங்கள் வரைபடத்தில் ஒரு மடுவைக் குறித்திருந்தோம். அங்கே மீன்பிடிக்கும் ஒருவர் வந்திருந்தார். வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அணையில் நீர் தேங்கத் தொடங்கிய பிறகு அந்த மடு மணல் மூடிப்போய்விட்டது, மீன் இப்போது இரண்டு வளைவு மேலே தள்ளித்தான் முட்டையிடுகிறது என்று சொன்னார். அரங்கில் இருந்த ஆய்வாளர்கள் எவருக்கும் அது தெரியாது. எங்கள் தரவு அணைக்கு முந்தையது. அன்று மாலைவரை எல்லோரும் அவரைச் சுற்றித்தான் இருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கிளம்பிவிட்டார். மூன்று நாள் வலை போடாமல் இருக்க அவரால் முடியாது என்றார். செயல்திட்டத்தை முடிவுசெய்வது மூன்றாம் நாள். அவர் சொன்ன வளைவு திட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அங்கே எந்த மாதங்களில் மீன்பிடிப்பை நிறுத்தலாம், அதனால் யார் யாருக்குப் பாதிப்பு வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில் எங்கள் திட்டம் வெறும் ஊகமாக நின்றது.

அந்த நல்கையின் விதிப்படி, வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்கு நாள் கணக்கில் கட்டணம் தரலாம். பங்கேற்பாளருக்குப் பயணப்படி மட்டும்தான். இழந்த கூலியை ஈடுகட்டக் கூடாது. சம்பளம் வாங்கும் ஆய்வாளர் மூன்று நாள் அரங்கில் உட்கார்ந்தாலும் மாதக் கடைசியில் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். அன்றாட உழைப்பில் வாழ்பவர் தன் கைக்காசைப் போட்டுத்தான் நம் பயிலரங்குக்கு வருகிறார். இதை மாற்றுங்கள். தயவுசெய்து முதலில் இதை மாற்றுங்கள். கூலி கொடுத்தால் அதற்காகவே ஆட்கள் வருவார்கள் என்று ஒரு நிதிப் பொறுப்பாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். யாரை அழைப்பது என்பதை நாங்கள் மாதக்கணக்கில் விசாரித்து முடிவுசெய்கிறோம். அந்தப் பட்டியலை வேண்டுமானால் முன்கூட்டியே உங்களிடம் தருகிறோம்.

இது தயவு காட்டும் விஷயமும் இல்லை. 1992-ல் கையெழுத்தான உயிர்ப்பன்மய உடன்படிக்கையின் 8-வது பிரிவு, பழங்குடி மக்களும் உள்ளூர்ச் சமூகங்களும் காத்துவரும் அறிவை மதித்துப் பாதுகாக்க வேண்டும் என்றும், அதன் பயனை அவர்களோடு பகிர்ந்துகொள்ள ஊக்கமளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்–மாண்ட்ரியல் செயல்திட்டத்தில் 23 இலக்குகள் உள்ளன. 2030-க்குள் நிலம், நீர், கடல் ஆகியவற்றில் 30 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற மூன்றாவது இலக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்பது 19-வது இலக்கு, அதைப் பற்றியும் பேசுகிறார்கள். அதற்கு அடுத்து வரும் மூன்று இலக்குகளைக் கொஞ்சம் படியுங்கள். 20-வது திறன் வளர்ப்பு பற்றியது. 21-வது, முடிவெடுப்பவர்களுக்கும் மக்களுக்கும் அறிவு எட்ட வேண்டும் என்கிறது. 22-வது, பழங்குடி மக்கள், உள்ளூர்ச் சமூகங்கள், பெண்கள், இளைஞர்கள் முடிவெடுப்பதில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்கிறது. ஒரு வட்டாரப் பயிலரங்கு ஒழுங்காக நடந்தால் இந்த மூன்று வேலையும் ஒரே அறையில் நடக்கும். இதற்கு முன் 2010-ல் உலக நாடுகள் வகுத்த, 'ஐச்சி' எனப்படும் 20 உயிர்ப்பன்மய இலக்குகளில் ஒன்றுகூட உலக அளவில் முழுமையாக நிறைவேறவில்லை என்று 2020-ல் ஐ.நா.வின் மதிப்பீடே சொன்னது. இந்த முறையும் காகிதத்தில் நின்றுவிடக்கூடாது என்ற பயம் எனக்கு நிறையவே இருக்கிறது.

பயிலரங்குக்குப் பிந்தைய வேலைக்கு வருவோம். எந்த உயிரினம் அழிவுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலின் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிரினத்தின் மதிப்பீடு 10 ஆண்டைத் தாண்டினால் அது பழையதாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணக்கில் எடுக்கிறது. பல மதிப்பீடுகள் பயிலரங்குகளில்தான் உருவாகின்றன. வல்லுநர்கள் கூடி, பரவல் வரைபடத்தைத் திருத்தி, எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று விவாதித்து, எந்த நிலையில் வைப்பது என்று முடிவுக்கு வருகிறார்கள். அங்கே உருவாவது வரைவு மட்டுமே. சான்றுகளைச் சேர்க்க வேண்டும். மறுஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஊருக்குத் திரும்பிய வல்லுநர்களைத் துரத்தித் துரத்தித் தகவல் வாங்க வேண்டும். இது வெளியாகப் பல மாதம் ஆகும். யாராவது ஒருவர் இதற்கென்றே இருக்க வேண்டும். முழுநேர ஆள்கூட வேண்டாம், பாதி நேரம் போதும். அந்த ஒருவரின் ஒரு வருடச் சம்பளம் பட்ஜெட்டில் இருந்தால் வரைவுகள் வெளிவரும். இல்லையென்றால் கணினிக் கோப்பிலேயே பழசாகும். அப்புறம் மறுபடியும் அதே உயிரினங்களுக்காக அதே ஆட்களை அழைத்து மதிப்பீட்டுப் பயிலரங்கு நடத்த உங்களிடம் பணம் கேட்க வேண்டிவரும். அப்படிக் கேட்ட விண்ணப்பங்கள் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும்.

செலவழித்த பிறகு ரசீது காட்டிப் பணம் பெறும் முறையைச் சிறு அமைப்புகளுக்கு வைக்காதீர்கள். முன்பணம் போட அவர்களிடம் இருப்பு கிடையாது. அதனால் பெரிய நிறுவனங்கள் மட்டுமே விண்ணப்பிக்கின்றன. செலவில் ஒரு பங்கை விண்ணப்பிப்பவரே வேறிடத்தில் திரட்ட வேண்டும், அதாவது இணைநிதி கட்டாயம் என்ற விதியும் இதையே செய்கிறது. தேதியையும் நிதியாண்டோடு கட்டிப்போடாதீர்கள். பணம் தாமதமாக வந்து, நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்பதால், காட்டுத்தீ பருவத்தின் நடுவில் பயிலரங்கு வைக்க நேர்ந்திருக்கிறது. தீயணைக்கும் வேலையில் இருந்த களப் பணியாளர் ஒருவர்கூட வர முடியவில்லை.

தரவைப் பற்றி ஒரு சொல். பயிலரங்கில் திரளும் தகவல் எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று இப்போது பல நல்கைகள் நிபந்தனை போடுகின்றன. நோக்கம் நல்லது, பெரும்பாலான தகவலுக்கு நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் துல்லியமான இருப்பிடம் கடத்தல்காரர்களுக்கும் உதவும். தென்சீனாவில் 1999-ல் அறிவியலுக்கு அறிமுகமான கோனியூரோசாரஸ் லூயீ என்ற பல்லியினத்தைச் செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடித்தே, அது முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலிருந்து முற்றிலும் அழித்துவிட்டார்கள். அரிய உயிரினங்களின் இருப்பிடத்தை மங்கலாக்கித் தரவும், தகவல் சொன்ன மக்கள் வேண்டாம் என்றால் வெளியிடாமல் இருக்கவும் உங்கள் ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள். தான் சொல்வது எங்கே போகும் என்று தெரியாதவர் வாய் திறக்கமாட்டார்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறிவேன். விடுதி அரங்கம், பதாகை, குழுப் படம், பளபளப்பான அறிக்கை என்று முடிந்துபோன பயிலரங்குகளை நானும் பார்த்திருக்கிறேன். அதில் போன பணம் ஒரு களப் பணிக்குப் போயிருக்கலாம் என்று வருந்தியிருக்கிறேன். அதனால் கூடுதல் தொகை கேட்கவில்லை. அதே தொகையைத் தாருங்கள். 60 பேரை அழைப்பதற்குப் பதில் 25 பேரை அழைக்கிறேன். விடுதிக்குப் பதில் ஒரு கல்லூரியிலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ நடத்துகிறேன். மிச்சமாகும் பணத்தை முன்னும் பின்னும் உள்ள மாதங்களுக்குப் பிரித்துக்கொள்ள அனுமதியுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மதிப்பெண் குறையும் என்ற உங்கள் மதிப்பீட்டு முறைதான் இதற்குக் குறுக்கே நிற்கிறது.

கண்காணிப்பையும் தளர்த்தச் சொல்லவில்லை. கடைசித் தவணையை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள். அப்போது வந்து கேளுங்கள்: எடுத்த முடிவுகள் எவை, ஒவ்வொன்றும் யார் பொறுப்பு, எது நகர்ந்தது, எது நகரவில்லை, ஏன்? நகராததை மறைக்காமல் எழுதும் அமைப்பைத் தண்டிக்காதீர்கள். அடுத்த பயிலரங்கு நடத்துபவருக்கு அதுதான் மிகவும் பயன்படும்.

இப்படிக் கொடுப்பது முடியாத காரியமும் இல்லை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம் 1992 முதல் சமூக அமைப்புகளுக்கு நேரடியாகச் சிறு தொகைகளைக் கொடுத்துவருகிறது. சிறிய அமைப்பை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதற்கு முப்பது ஆண்டுக்கும் மேலான அனுபவம் அங்கே இருக்கிறது.

அடுத்த பயிலரங்குக்கான விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே ஆறு, இன்னும் கொஞ்சம் மேல்பகுதி. அந்த மீனவரிடமும் பேசியிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பட்ஜெட்டில் 'பங்கேற்பாளர் வருமான ஈடு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'பின்தொடர் பணியாளர், 12 மாதம்' என்பது இன்னொரு வரி. உங்களில் பலரின் விதிகளின்படி இரண்டும் நீக்கப்பட வேண்டியவை. நீக்காமல் அனுப்புகிறேன். விண்ணப்பத்தை நிராகரிப்பதற்கு முன் அந்த இரண்டு வரிகளைப் பற்றி என்னோடு ஒருமுறை பேசுங்கள்.

நம்பிக்கையுடன்,
ஒரு பயிலரங்கு ஒருங்கிணைப்பாளர்